கைலியும் பந்தும்: பாலர் வயதுப் பெற்றோரின் கேள்விகள்

ஆட்டிசம் உள்ள என் 4 வயது மகன் பாலர் பள்ளியில் மணல் தொட்டியில் மற்றவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் தனியாகவே விளையாடுகிறான். ஆசிரியை அவன் கையைப் பிடித்து இழுக்கிறார். சரியா? (செந்தூல்)

இழுக்க வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். அருகருகே இருந்துகொண்டு தனித்தனியாக விளையாடுவது எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932லேயே இதை விளையாட்டின் ஒரு வகையாகப் பதிவு செய்துவிட்டார். உங்கள் மகன் சிலரைவிட அதிக காலம் இந்த வகை விளையாட்டிலேயே நிற்கலாம். பக்கத்துப் பிள்ளை வாளியைக் கவிழ்த்ததும் இவனும் கவிழ்க்கிறானா? அப்படியென்றால் கவனிக்கிறான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்ந்து விளையாடவைக்க நான் வழக்கமாகக் கையில் எடுப்பது பழைய கைலி ஒன்று. நான்கு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையைப் பிடிக்க, நடுவில் இலேசான பந்து. ஒருவர் விட்டாலும் பந்து உருண்டு விழுந்துவிடும். யாரோடும் பேசாத ஒரு சிறுவன், பந்து மூன்றாம் முறை விழுந்ததும் தானே ஓடி எடுத்துவந்து நடுவில் வைத்தான். பெரியவர்கள் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம், வாயை மூடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறோம். 3 வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும்? (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி 3, 4 வயதில் நாளுக்கு 180 நிமிடம் உடல் அசைய வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்கட்டும். ஒரே மூச்சில் தேவையில்லை. மழை பெய்யும் மாலையில் வரவேற்பறையில் தலையணைகளை அடுக்கித் தாண்டவிடுங்கள்; வெங்காயக் கூடையைச் சமையலறைக்கு இழுத்து வருவதும் கணக்கில் சேரும். உடற்குறையோ நோயோ உள்ள பிள்ளைக்கு அளவை மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

டவுன் சின்ட்ரோம் உள்ள 5 வயது மகளை வணிக வளாகத்து டிராம்போலினில் விடலாமா?

கூடாது. இவர்களில் சிலருக்குக் கழுத்து முதுகெலும்பின் மேற்பக்க இரண்டு கணுக்களைப் பிடித்திருக்கும் தசைநார் தளர்வாக இருக்கும்; குதித்தால் கழுத்துக்கு ஆபத்து. 6 வயதுக்குள் டிராம்போலின் வேண்டாம்; குட்டிக்கரணமும் வேண்டாம். தண்ணீர், நடனம், பந்து ஆகியவற்றுக்கு மருத்துவர் இதயத்தைப் பார்த்துச் சரி என்றால் தாராளமாக விடுங்கள்.

காக்ளியர் கருவி (காது கேட்க அறுவை சிகிச்சையில் பொருத்தும் கருவி) பொருத்திய மகன் பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் ஏறலாமா?

ஏறலாம். ஆனால் உராய்வில் பிறக்கும் நிலைமின்சாரம் கருவியைப் பாதிக்கக்கூடும் என்பதால், முதலில் தலைக்கு வெளியே மாட்டியிருக்கும் பகுதியைக் கழற்றிவிடுங்கள். கழற்றியபின் அவனுக்கு உங்கள் குரல் கேட்காது. சறுக்கின் கீழே நின்று கையசைத்துக் கூப்பிடுங்கள். இதை அவனோடு விளையாடும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள், இரண்டே நாளில் உங்களைவிட நன்றாகக் கையசைப்பார்கள்.