நாடகம் எழுத விரும்பும் 14 வயது மகளை எந்த மாதிரியான பயிலரங்கில் சேர்க்கலாம்?

உங்கள் மகளுக்கு நடிப்பைவிட எழுத்தில்தான் நாட்டம் என்று கேள்வியிலேயே குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனவே, நிறைவு நாள் அரங்கேற்றம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட, பிள்ளைகள் எழுதிய பக்கங்களைப் பிறர் வாய்விட்டு வாசிக்க, அதைக் கேட்டபின் அவர்கள் திருத்தி எழுதுவதற்கு அங்கே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இளையோருக்கான பயிலரங்குகளில் பயிற்றுநராக இருந்து வரும் எனக்கு இதைவிட முக்கியமான அளவுகோல் தெரியவில்லை.

இத்தகைய திட்டங்களின் நோக்கங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. லண்டன் நேஷனல் தியேட்டர் 1995 முதல் நடத்திவரும் 'கனெக்‌ஷன்ஸ்' திட்டத்தில், தேர்ந்த நாடகாசிரியர்கள் எழுதித் தரும் புதிய நாடகங்களை இளையோர் குழுக்கள் மேடையேற்றுகின்றன. நியூயார்க்கில் 1981இல் தொடங்கப்பட்ட 'ஃபிஃப்டி செகண்ட் ஸ்ட்ரீட் புராஜெக்ட்' இதற்கு நேர்மாறாக, சிறுவர்கள் எழுதும் நாடகங்களில் தொழில்முறை நடிகர்களை நடிக்க வைக்கிறது. முன்னது நடிக்க விரும்புவோருக்கு அருமையான வாய்ப்பு. உங்கள் மகளுக்குப் பின்னதைப் போன்ற அமைப்பே பொருந்தும். பிரதியே இல்லாமல் குழுவாகச் சேர்ந்து நாடகத்தை உருவாக்கும் முறையும் உண்டு, ஆனால் அங்கே உரக்கப் பேசுபவரின் கதையே பெரும்பாலும் மேடைக்கு வரும் என்பதால், அமைதியாக எழுதும் பிள்ளைக்கு அதை முதல் அனுபவமாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாசிப்பு அமர்வில் எழுதியவர் தாமே வாசிக்கக் கூடாது. தன் மனத்தில் ஒலித்த தொனியிலேயே அவர் வாசித்துவிடுவார் என்பதால், பிரதியில் இல்லாததும் இருப்பதாக அவருக்குத் தோன்றும். வேறொருவர் தடுமாறி வாசிக்கும்போதுதான் எந்த வசனம் வாயில் நிற்கவில்லை, எந்தக் கதாபாத்திரம் காரணமின்றி மேடையில் நின்றுகொண்டிருக்கிறது என்பது தெரியவரும். அதன்பின் கருத்துச் சொல்வதற்கும் ஒழுங்கு வேண்டும். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த நான்கு படி முறையில், முதலில் பார்வையாளர்கள் தங்கள் மனத்தில் நின்றதைச் சொல்வார்கள். அடுத்துப் படைத்தவர் தம் ஐயங்களைக் கேட்பார். பிறகு பார்வையாளர்கள் தீர்ப்புத் தொனியற்ற கேள்விகளைக் கேட்பார்கள். இறுதியில், படைத்தவர் அனுமதித்தால் மட்டுமே அபிப்பிராயம். பதின்ம வயதினருக்கு இது மிகவும் ஏற்ற முறை, ஏனெனில் திருத்தும் அதிகாரம் கடைசிவரை அவர்கள் கையிலேயே இருக்கிறது. பேனாவை வாங்கி வசனத்தை 'மெருகேற்றித்' தரும் பயிற்றுநர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், அவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: சொந்த வாழ்வின் வேதனையை எழுதும்படி முதல் நாளிலேயே கேட்கிறார்களா? அத்தகைய எழுத்து கைதட்டலைப் பெற்றுத் தரும் என்பது உண்மைதான், ஆனால் அந்நியர்கள் முன்னிலையில் அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் பிள்ளையை யார் கவனித்துக்கொள்வது? கற்பனைக் கதாபாத்திரம், ஒரே இடம், இருவரின் முரண்பட்ட விருப்பங்கள் என்று தொடங்குவதே பாதுகாப்பானது, எழுதுவதற்கும் எளிது.

கால அளவைப் பொறுத்தவரை, உரையாடல் நிறைந்த ஒரு பக்கம் மேடையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுக்கும் என்பதால், பத்துப் பக்கப் பிரதியே தொடக்கநிலையாளருக்குப் போதுமான வேலை. வார இறுதிப் பயிலரங்கில் அதன் முதல் வரைவு கிடைத்துவிடும், ஆனால் வாசிப்புக்கும் மறுவரைவுக்கும் இடையே சில நாள்களாவது ஆறப்போட வேண்டியிருப்பதால், வாரம் ஒரு முறை கூடி, ஆறு முதல் எட்டு வாரங்கள் நீளும் பயிலரங்கையே நான் தேர்ந்தெடுப்பேன்.