கூலிங் டவர் பேசினுக்கு எந்த லெவல் சென்சார்?

கேள்வி: எங்கள் ஆலையின் கூலிங் டவரில் மணிக்கு 1,000 கனமீட்டர் தண்ணீர் சுழல்கிறது. உள்ளே வரும் தண்ணீருக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் 10 டிகிரி வித்தியாசம். பேசின், அதாவது அடியில் தண்ணீர் சேரும் தொட்டி, 80 சதுர மீட்டர், ஆழம் 1.5 மீட்டர். தண்ணீர் மட்டத்தை அளக்க முதலில் வைத்த எலக்ட்ரோடு கம்பிகளில் உப்புப் படிந்துவிட்டது. அடுத்து மாட்டிய, ஒலியின் எதிரொலியை வைத்து அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரின் அளவு திடீர் திடீரென்று எகிறுகிறது. ரேடியோ அலையால் அளக்கும் ரேடாருக்கு மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் இப்போதைய சென்சார் இருக்கும் அதே இடத்தில் ரேடாரை மாட்டினால், சில மாதங்களில் இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் டவரில் ஆவியாகப் போவது மணிக்குச் சுமார் 15 கனமீட்டர். ப்ளோடவுனையும் (உப்பு சேராமலிருக்க வெளியே விடும் தண்ணீர்) சேர்த்தால் 19 என்று வையுங்கள். இந்த இழப்பை ஈடுகட்ட விடும் மேக்கப் தண்ணீர் அடியோடு நின்றுபோனாலும், பேசின் மட்டம் நிமிடத்துக்கு 4 மில்லிமீட்டர்தான் இறங்கும். அதாவது வேகமான சென்சார் உங்களுக்குத் தேவையே இல்லை. டாம்பிங்கை (அளவைச் சராசரியாக்கி நிதானப்படுத்தும் நேரம்) 20, 30 வினாடி வைத்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. பாதி எகிறல் அதிலேயே அடங்கிவிடலாம், காசு செலவில்லாமல்.

மீதிப் பாதிக்கு வருவோம். அல்ட்ராசோனிக் பிழைக்கு வெப்பநிலையைக் காரணம் சொல்வது வழக்கம். காற்றில் ஒலியின் வேகம் டிகிரிக்குச் சுமார் 0.17 சதவீதம் மாறுவது உண்மைதான். ஆனால் 10 டிகிரி தவறாகக் கணித்தாலும், ஒரு மீட்டர் தூரத்தில் பிழை 2 சென்டிமீட்டருக்குள் நிற்கும். அது எகிறல் ஆகாது. அசல் காரணம் சென்சார் முகத்தில் கோத்துக்கொள்ளும் நீர்த்துளி, ஃபில்லிலிருந்து (டவருக்குள் தண்ணீர் பரவி இறங்கும் அடுக்குகள்) கொட்டும் மழை, ரசாயனம் போட்ட பிறகு மிதக்கும் நுரை. நுரை எதிரொலியை விழுங்கிவிடும். இன்னொன்றையும் பாருங்கள்: பல மாடல்களில் முகத்திலிருந்து 20, 30 சென்டிமீட்டர் வரை குருட்டுப் பகுதி, அங்கே அளக்க முடியாது. தண்ணீர் அதற்குள் ஏறினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

ரேடார் அலைக்கு நீராவியும் வெப்பமும் பொருட்டில்லை. 80 கிகாஹெர்ட்ஸ் வகையில் கற்றை குறுகலாக இருப்பதால் சுவர், ஏணி எதிரொலிகளும் குறைவு. ஆனாலும் கெட்டி நுரையும் நேராகக் கொட்டும் தண்ணீரும் அதையும் குழப்பும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் தண்ணீருக்குள் தொங்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் சென்சாரைத்தான் வாங்குவேன். தலைக்கு மேல் மழை பெய்தாலும் நுரை பொங்கினாலும் அதற்குக் கவலையில்லை. தன் மேல் நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தை மட்டுமே அது பார்க்கிறது. வாங்கும்போது இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, ஸ்டாக்கில் இருக்கிறது என்று 10 மீட்டர் ரேஞ்ச் வாங்குவது. சென்சாரின் சிக்னல் மொத்தம் 4 முதல் 20 மில்லிஆம்பியர்; உங்கள் 1.5 மீட்டர் அதில் 4 முதல் 6.4 மில்லிஆம்பியருக்குள் சுருங்கிவிடும். 0.25 சதவீதத் துல்லியம் என்று போட்டிருந்தாலும் 10 மீட்டரில் அது 2.5 சென்டிமீட்டர், 2 மீட்டர் ரேஞ்சில் 5 மில்லிமீட்டர். இரண்டாவது, வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழிப்பதற்காகக் கேபிளுக்குள் ஓடும் மெல்லிய காற்றுக் குழாயை ஜங்ஷன் பாக்ஸில் சிலிக்கோன் பசை வைத்து அடைப்பது. தண்ணீர் புகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்! ஆனால் காற்றழுத்தம் 10 மில்லிபார் மாறினால் மட்டம் 10 சென்டிமீட்டர் தவறாகக் காட்டும். அந்தக் குழாய் வாய் திறந்தே இருக்கட்டும். பாக்ஸ் உலர்ந்திருக்க வேண்டும், ஈரம் உறிஞ்சும் பொதி உள்ளே இருக்க வேண்டும். குளோரின் போடுகிறீர்கள் என்றால் உடல் குறைந்தது 316 ஸ்டீல். குளோரைடு அதிகமென்றால் டைட்டானியம், அல்லது பிளாஸ்டிக் உடலும் செராமிக் டயஃப்ரமும் (அழுத்தத்தை உணரும் சவ்வு).

எந்த வகை என்றாலும் 100 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி அதற்குள் வையுங்கள். மேக்கப் விழும் இடமும் பம்ப் உறிஞ்சும் இடமும் தள்ளி இருக்கட்டும். குழாயின் அடிப்பகுதியில் தண்ணீர் போய்வர வழி, உச்ச மட்டத்துக்கு மேலே ஒரு காற்றுத் துளை. துளை இல்லாவிட்டால் குழாய்க்குள் ஒரு மட்டம், வெளியே ஒரு மட்டம். சென்சார் முனை தரையிலிருந்து 10 சென்டிமீட்டராவது மேலே தொங்கட்டும், இல்லையென்றால் சேற்றில் புதைந்துவிடும். ரேடார்தான் வேண்டுமென்றால் உலோகக் குழாய் போடுங்கள். பிளாஸ்டிக் சுவரை அது ஊடுருவிவிடும்.

அப்புறம், மேல் அலாரத்தை எங்கே வைப்பது? பம்ப் ஓடும்போது ஃபில்லிலும் ஹெடரிலும் (மேலே தண்ணீரைப் பிரித்துவிடும் பெரிய குழாய்) கணிசமான தண்ணீர் இருக்கும். பம்ப் நின்றதும் அத்தனையும் பேசினுக்கு வரும். ஓடும் மட்டத்தைச் சுவரில் குறியுங்கள், பம்பை நிறுத்தி, சொட்டுவது நின்றதும் மறுபடி குறியுங்கள். அந்த இடைவெளியை வழக்கமான மட்டத்துக்கு மேல் காலியாக விடாவிட்டால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ரசாயனம் கலந்த தண்ணீர் ஓவர்ஃப்ளோவில் போகும்.

தண்ணீர் குறைந்தால் பம்பைத் தானாக நிறுத்தும் தாழ்மட்ட டிரிப்பை மட்டும் இந்தச் சென்சாரிடம் ஒப்படைக்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு மிதவை ஸ்விட்ச், தனி வயர். மாதம் ஒரு முறை, பிஎல்சி (கட்டுப்பாட்டுக் கணினி) திரையைப் பார்க்க ஒருவரை நிறுத்திவிட்டு, மிதவையைக் கையால் அழுத்திப் பாருங்கள்.