போனில் கூப்பிட்டால் காவல் நிலையத்துக்குப் போயே ஆக வேண்டுமா?

காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது, மறுநாள் காலை வரச் சொன்னார்கள், போகாவிட்டால் பிடித்துப் போய்விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் போனில் கூப்பிட்டதற்காகப் போயே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் சாட்சியாகக் கூப்பிடுகிறார்களா, சந்தேகத்தின் பேரில் கூப்பிடுகிறார்களா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

நான் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். எங்கள் தெருவில் 67 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வேலி போடுவதில் இரண்டு வீட்டாருக்குள் கைகலப்பு நடந்தபோது வாசலில் நின்று பார்த்தார், அவ்வளவுதான். பத்து மணிக்கு வரச் சொல்லிப் போன். இரவெல்லாம் தூங்காமல், விடிவதற்குள் குளித்துவிட்டு, ஒரு மஞ்சள் பையோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தார். "தம்பி, உள்ளே வைத்துவிடுவார்களா?" என்றார். பைக்குள் ஆதார் அட்டையும், பத்து நாளைக்கான இரத்த அழுத்த மாத்திரைகளும் இருந்தன.

2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 179ஆம் பிரிவின்படி, சாட்சியை வரச் சொல்வதற்கு விசாரணை அதிகாரி எழுத்தில் உத்தரவு தர வேண்டும். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத் திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். அவர்களே விரும்பி நிலையத்துக்கு வந்தால் அது வேறு. அந்தப் பெரியவரை அங்கே வரச் சொல்லியிருக்கவே கூடாது.

சந்தேகத்துக்கு உள்ளானவர் என்றால் 35ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். கைது தேவையில்லை என்ற நிலையில் அவருக்கு நோட்டீஸ் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையான நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால் கட்டாயம் போங்கள். வீறாப்பாக வீட்டில் இருந்துவிடாதீர்கள். நோட்டீஸை மதித்துப் போகிறவரைக் கைது செய்ய அதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும்; போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். கொலை, கொள்ளை போன்ற வழக்குகளில் நோட்டீஸ் இல்லாமலேயே கைது செய்யலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எழுத்தில் தா என்று சட்டம் இவ்வளவு வற்புறுத்துவது ஏன்? எழுத்தில் வந்தால் அதில் தேதி இருக்கும், வழக்கு எண் இருக்கும், கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பெயர் இருக்கும். போனில் கூப்பிடுவதில் இவை எதுவும் இல்லை. போனவர் திரும்பி வராவிட்டால், "அவர் இங்கே வரவே இல்லை" என்று சொல்லிவிட முடியும். இது கற்பனை அல்ல. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றை நடத்திய டி.கே. பாசு, காவல் நிலையச் சாவுகள் பற்றி 1986இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் ரிட் மனுவாக எடுத்துக்கொண்டது. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, கைது செய்யும்போது அந்த இடத்திலேயே நேரமும் தேதியும் குறித்த குறிப்பாணை எழுத வேண்டும், குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும் என்று கட்டளையிட்டது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பவை அரசியலமைப்பின் 22ஆம் பிரிவிலேயே இருக்கின்றன. வக்கீலுக்குப் பணம் இல்லையென்று கலங்க வேண்டாம். காவலில் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

பெரியவருக்காக அரைப் பக்கம் கடிதம் எழுதினேன். வயதைச் சொல்லி, விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயார், 179ஆம் பிரிவின்படி வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டுகிறேன், இவ்வளவுதான். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நகலில் முத்திரை வைத்துத் தர நிலைய எழுத்தர் முதலில் தயங்கினார். காத்திருந்தேன்; வைத்துக் கொடுத்தார். அந்த நகலைப் பத்திரப்படுத்துவது மிக முக்கியம்.

இரண்டு நாள் கழித்து உதவி ஆய்வாளர் வீட்டுக்கே வந்தார். இருபது நிமிட விசாரணை, மரியாதையாகத்தான் பேசினார். வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டு, கையெழுத்துப் போடும்படி பேனாவை நீட்டினார். பெரியவர் என்னைப் பார்த்தார். விசாரணையில் போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181ஆம் பிரிவு சொல்கிறதே, ஐயா, என்றேன். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, வருகிறேன் பெரியவரே" என்று எழுந்தார்.