தெருவில் விளையாடும் பிள்ளைகள்: பழைய ஒளிப்படங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (ஒரு அப்பா): 1950களின் லண்டன் தெருப் படங்களைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது. பிள்ளைகள் அவ்வளவு சுதந்திரமாகவா இருந்தார்கள்?

பதில்: தெருவில் இருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ரோஜர் மேய்ன் 1956 முதல் 1961 வரை வடக்கு கென்சிங்டனின் சவுத்தம் தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் படம் எடுத்தார். பிரிண்ட்லி சாலையில் அவர் எடுத்த, பந்துக்காகப் பாயும் கோல்கீப்பர் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் சவுத்தம் தெரு வீடுகளில் நெரிசல் அதிகம், தெருவில் காரோ குறைவு. உள்ளே இடமில்லாமல் வெளியே வந்த பிள்ளைகளை நாம் சுதந்திரப் பறவைகளாகப் பார்க்கிறோம்.

கேள்வி (ஒளிப்பட மாணவி): இதெல்லாம் நிற்க வைத்து எடுத்ததா சார்?

பதில்: எல்லாம் அப்படியில்லை. 1930களின் கடைசியில் நியூயார்க் தெருக்களில் படம் எடுக்கத் தொடங்கிய ஹெலன் லெவிட், கேமராவில் பக்கவாட்டில் பார்க்கும் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். அவர் ஒரு பக்கம் திரும்பி நிற்பார், லென்ஸ் வேறு பக்கம் பார்க்கும்.

கேள்வி (கட்டடக்கலை படிப்பவர்): இந்தப் படங்களால் ஏதாவது மாறியதா?

பதில்: நல்ல கேள்வி. நைஜல் ஹெண்டர்சன் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் குடியிருந்து, அங்கே விளையாடும் பிள்ளைகளைப் படமெடுத்தார். அவருடைய நண்பர்களான அலிசன், பீட்டர் ஸ்மித்சன் என்ற கட்டடக்கலைத் தம்பதி, 1953இல் பிரான்ஸில் நடந்த நவீனக் கட்டடக்கலை மாநாட்டில் அந்தப் படங்களை வைத்தே வாதாடினார்கள்: தெரு வாழ்க்கையை அடுக்குமாடிக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்று. அப்புறம் 1972இல் அவர்கள் வடிவமைத்த ராபின் ஹூட் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டி முடிந்தது. மூன்று மாடிக்கு ஒன்றாக அகலமான நடைவழிகள், 'வானத்துத் தெருக்கள்'. 2017இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். காரணங்கள் பல. என் கருத்து: பிள்ளைகளைத் தெருவுக்கு இழுத்தவை கடையும் வாசற்படியும் போகிற வருகிற ஆட்களும்தான். படத்தில் நம் கண் பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது.

கேள்வி (ஆசிரியர்): ஏழைப் பிள்ளை என்றால் வேலை, இல்லாவிட்டால் விளையாட்டு. இரண்டே படமா?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான். லூயிஸ் ஹைன் 1908 முதல் அமெரிக்க ஆலைகளிலும் சுரங்கங்களிலும் எடுத்த படங்கள், விளையாட வேண்டிய வயதில் வேலையா என்று கேட்க வைத்தன. வேலை முடிந்து வந்து விளையாடிய பிள்ளை இரண்டிலும் அடங்காது.

கேள்வி (ஒரு அம்மா): என் பிள்ளைகளைப் படமெடுக்க ஏதாவது யோசனை?

பதில்: சிரிக்கச் சொல்லாதீர்கள். சண்டையையும் போரடித்து உட்கார்ந்திருப்பதையும் எடுங்கள். இணையத்தில் போடுவதற்கு முன் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.