வெள்ளை பெயிண்ட்டுல பழுப்பு கசியுதா? இன்னொரு கோட் அடிக்காதீங்க

ஒரு வாசகர் எழுதியிருக்கார்: "சார், பழைய மர ட்ராயர் பெட்டி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், நாலு ட்ராயர் இருக்கு. பாலிஷ் மங்கிப் போயி அங்கங்க கீறல். வெள்ளை அடிச்சா நல்லா இருக்கும்னு மேல் ட்ராயருக்கு மட்டும் அடிச்சுப் பாத்தேன். தண்ணி கலக்குற அக்ரிலிக் பெயிண்ட்தான், டப்பாவுலயே தேய்க்க வேண்டாம் பிரைமர் வேண்டாம்னு போட்டிருந்துச்சு. ரெண்டு கோட் அடிச்சதும் மறுநாள் துருக்கறை மாதிரி பழுப்பா தெரிஞ்சுது. மூணாவது கோட் அடிச்சேன், திரும்ப வந்துருச்சு. நகத்தால கீறினா தோல் மாதிரி உரியுது வேற. கடைக்காரர் இன்னும் ரெண்டு கோட் அடிங்கறார், பெயிண்டர் மெஷின் போட்டு மரம் தெரியுற வரைக்கும் தேய்க்கணும்ங்கறார். யார் பேச்ச கேக்கறது?"

ரெண்டு பேர் பேச்சையும் கேக்காதீங்க தம்பி. கடைக்காரர் சொல்றபடி செஞ்சா பெயிண்ட் விக்கும், பெயிண்டர் சொல்றபடி செஞ்சா அவருக்கு நாலு நாள் கூலி வரும், உங்க ட்ராயர் மட்டும் அப்படியே இருக்கும். ஒரே ட்ராயரோட நிறுத்தி எழுதினீங்களே, அதுக்கு நன்றி, நாலையும் முடிச்சுட்டு எழுதுறவங்கதான் ஜாஸ்தி.

உங்களுக்கு இருக்கறது ரெண்டு தனித்தனி பிரச்சனை. கறை ஒண்ணு, உரியுறது இன்னொண்ணு.

முதல்ல கறை. தேக்கு, மஹோகனி, ஓக் மாதிரி மரத்துக்குள்ள இயற்கையாவே சாயம் மாதிரி ஒரு சத்து இருக்கு, டானின்னு சொல்லுவாங்க. போதாததுக்கு அந்தக் காலத்துல லேசான மரத்தை டார்க்கா காட்ட பாலிஷுக்கு அடியில சாயமும் பூசியிருப்பாங்க. இது ரெண்டுமே தண்ணி பட்டா கரையும். நீங்க அடிச்சது தண்ணி பெயிண்ட். அது ஈரமா இருக்கற நேரத்துல சாயம் கரைஞ்சு, தண்ணி மேல ஏறி ஆவியாகும்போது அதுகூடவே வந்து வெள்ளைக்கு மேல உக்காந்துக்குது. அப்போ இன்னொரு கோட் அடிக்கறதுன்னா இன்னொரு தடவை தண்ணி ஊத்துறதுன்னுதான் அர்த்தம். பத்து கோட் அடிச்சாலும் இதே கதைதான், கறை கொஞ்சம் வெளிறலாம், அவ்ளோதான்.

இதுக்கு நடுவுல ஒரு சுவர் வேணும், தண்ணில கரையாத சுவர். அதுக்கு அரக்குதான் (ஷெல்லாக்னு கேட்டாலும் குடுப்பாங்க) நான் பாத்த வரைக்கும் நம்பகமானது. வெள்ளை நிறம் கலந்து ஷெல்லாக் பிரைமர்னே டப்பாவுல வருது, அது கிடைச்சா வேலை சுலபம். கிடைக்கலன்னா அரக்கு செதில் வாங்கி ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு (அரக்கு பாலிஷ் கரைக்கற ஆல்கஹால்) 240 கிராம் கணக்குல ஊறவச்சு நீங்களே கரைச்சுக்கலாம். மறக்காம மெழுகு எடுத்த அரக்கான்னு கேளுங்க. மெழுகோட இருந்தா அதுக்கு மேல பல பெயிண்ட் சரியா பிடிக்காது. மெழுகு எடுத்தது கிடைக்கவே இல்லன்னா கரைசலை ஒரு வாரம் ஆடாம வச்சுட்டா மெழுகு கீழ படியும், மேல தெளிவா இருக்கறத மட்டும் மெதுவா வடிச்சுக்கோங்க. ஸ்பிரிட் குப்புன்னு தீப்பிடிக்கற சாமான், அடுப்பு பக்கம் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கணும்.

இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு. கரைச்சு பாட்டில்ல விக்கற அரக்கு நாளானா கெட்டுப் போகும், ஒரு வருஷம் தாண்டினத நம்பவே கூடாது. காயாது, பிசுபிசுன்னே கிடக்கும். ஆனா பாட்டில்ல தேதிய தேடினா அது அடியில பாதி அழிஞ்சு போயி இருக்கும், இல்லன்னா விலை ஸ்டிக்கர் அது மேலயே ஒட்டியிருக்கும். கண்ணாடித் துண்டுல ஒரு சொட்டு விட்டு வச்சுட்டு மறுநாள் நகத்தால அமுக்கிப் பாருங்க. தடம் விழுந்தா திருப்பிக் குடுத்துருங்க, சண்டை போட்டாவது குடுத்துருங்க.

இப்போ உரியுற சமாச்சாரம். இதுதான் எனக்கு வயித்தெரிச்சல். பழைய சாமான் விக்கறவங்க நிறைய பேர் ஆள் வந்து பாக்கறதுக்கு முன்னாடி பளபளன்னு தெரிய ஸ்ப்ரே பாலிஷ் ஒண்ணு அடிச்சு துடைச்சு வச்சுருவாங்க. அதுல பலதுல சிலிக்கான் எண்ணெய் இருக்கும். வாங்கும்போது கண்ணாடி மாதிரி மின்னும், நமக்கும் மனசு இளகிரும். வீட்டுக்கு வந்து பெயிண்ட் அடிச்சா பிடிக்காது, சில எடத்துல மீன் கண்ணு மாதிரி குட்டி குட்டி குழியா விழும். இதே ஆளுங்கதான் வண்டு அரிச்ச ஓட்டைய கலர் மெழுகு வச்சு அடைக்கறதும், ப்ளைவுட் மேல தேக்கு வெனீர் (மெல்லிசா சீவின மரத் தகடு) ஒட்டினத முழு தேக்குன்னு சத்தியம் பண்ணி விக்கறதும். அடுத்த தடவை வாங்கும்போது முன்பக்கத்தப் பாக்காதீங்க, ட்ராயர உருவி தலைகீழா கவுத்துப் பாருங்க. மேல ஓடுற மர ரேகை ஓரத்துல மடங்கி பக்கவாட்டுலயும் தொடரணும், ஓரத்துல மெல்லிசா கோடு தெரிஞ்சா வெனீர். வெனீர் கெட்டதுன்னு சொல்ல வரல, முழு மரத்தோட விலைய குடுக்காதீங்கன்னு சொல்றேன். அடியில கருப்பு பேப்பர் விரிச்சு ஒரு வாரம் வச்சுப் பாருங்க, மாவு மாதிரி பொடி புதுசா கொட்டினா உள்ள வண்டு உசுரோட இருக்கு, அத சரி பண்ணாம பெயிண்ட் பக்கமே போகக்கூடாது. "கொஞ்சம் தூசி சார், தட்டினா போயிரும்"னு சொல்லுவாங்க. தட்டினா போகாது.

சரி, உங்க ட்ராயருக்கு வருவோம். உரியுற பெயிண்ட்ட தகடு வச்சு சுரண்டிடுங்க, தோலாட்டம் வரும், கஷ்டம் இல்ல. அடுத்து உடனே உப்புத்தாள எடுக்காதீங்க, எல்லாரும் தப்பு பண்றது இங்கதான். மேல இருக்கற மெழுகையும் எண்ணெயையும் தொடைக்காம தேய்ச்சா அது அத்தனையும் கீறலுக்குள்ள போயி உக்காந்துக்கும். முதல்ல டர்பன்டைன் நனைச்ச துணியால துடைங்க, துணிய திருப்பித் திருப்பி சுத்தமான பக்கமா பிடிக்கணும், அழுக்குத் துணியால துடைச்சா அழுக்க எடம் மாத்தி வைக்கறீங்க. அப்புறம் சோப்புத் தண்ணில பிழிஞ்ச துணி, அப்புறம் வெறும் தண்ணி, அப்புறம் ஒரு நாள் காயட்டும். அதுக்கப்புறம்தான் உப்புத்தாள், 120 நம்பர் போதும், முடிக்கறப்போ 180. மரம் தெரியணும்னு அவசியமே இல்ல, பளபளப்பு செத்து மங்கலானா போதும். மெஷின் வேண்டாம்னு சொன்னதுக்கு காரணம் இதுதான், வெனீர் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, மெஷின் ஓரத்துல ஒரு செகண்ட் நின்னா அடியில இருக்கற ப்ளைவுட் பல்ல இளிக்கும், அத எந்தப் பெயிண்டரும் தன் தப்புன்னு ஒத்துக்க மாட்டார்.

ரெண்டு மெல்லிசான கோட் அரக்கு, நடுவுல ஒரு மணி நேரம். டர்பன்டைனுக்கு மசியாத சிலிக்கான் மிச்சம் இருந்தாலும் அரக்கு அதையும் பெரும்பாலும் அமுக்கிரும். அதுக்கு மேல ஒரு ஓரத்துல கையளவு எடத்துல மட்டும் உங்க வெள்ளைய அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில கறை வரலன்னா தைரியமா மத்ததையும் அடிங்க.

ஆனா நில்லுங்க. மிச்சம் மூணு ட்ராயர் இன்னும் தொடாம இருக்குல்ல? அதுக்கு வெள்ளை வேணுமான்னே ஒரு தடவை யோசிக்கணும். ட்ராயரோட கண்ணுக்குத் தெரியாத ஓரத்துல ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்ச அரை நிமிஷம் வச்சு எடுங்க. பிசுபிசுன்னு ஒட்டி பஞ்சு பழுப்பானா மேல இருக்கறது அரக்கு பாலிஷ். அப்படின்னா உங்களுக்கு அதிர்ஷ்டம். பழைய அரக்கு எத்தனை வருஷம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டா திரும்ப இளகும், வேற எந்தப் பாலிஷும் இவ்ளோ சுலபமா மசியாது. மேல சொன்ன மாதிரி துடைச்சு சுத்தம் பண்ணிட்டு, பழைய பனியன் துணிக்குள்ள பஞ்சு வச்சு எலுமிச்சை அளவுக்கு முடிச்சு கட்டி, ஸ்பிரிட்டுல நனைச்சு நல்லா பிழிஞ்சு, உள்ளங்கையில தட்டினா சில்லுன்னு இருக்கணும், சொட்டக் கூடாது, அந்த அளவு ஈரத்துல ஒரு முனையில இருந்து மறு முனைக்கு நிக்காம இழுத்துட்டே போங்க. நின்னா ஒட்டிக்கும், பாலிஷ பிச்சுக்கிட்டு வரும். ரெண்டு மூணு இழுப்பு, அப்புறம் பத்து நிமிஷம் விட்டு திரும்ப. சின்னச் சின்ன வெடிப்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துக்கும், தண்ணி டம்ளர் வச்ச வெள்ளை வட்டம் கூட பல தடவை மறையும். கடைசியில புது அரக்கு மெல்லிசா ஒரு கை. பாதிநாள் வேலை. மழை பெய்யுற நாள்ல மட்டும் செய்யாதீங்க, ஈரம் பிடிச்சு மேல புகை படிஞ்சாப்ல வெளுத்துரும். இதையும் சொல்லிடுறேன், மேல் பலகையில சூடா எதாச்சும் வைக்கற பழக்கம் இருந்தா அங்க மட்டும் அரக்கு தாங்காது, சூட்டுக்கு இளகும். பக்கவாட்டுக்கும் ட்ராயர் முகப்புக்கும் பிரச்சனையே இல்ல. இந்தச் சோதனைய எந்தக் கடையிலயும் சொல்லித் தர மாட்டாங்க, ஏன்னா ஒரு சின்ன பாட்டில் ஸ்பிரிட்டுல வேலை முடிஞ்சிருது.

ஸ்பிரிட்டுக்கு அசையலன்னா மேல இருக்கறது லேக்கரோ வார்னிஷோ பி.யூ.வோ (பாலியூரிதேன் பாலிஷ்), எதுவா இருந்தா என்ன, மேல சொன்ன துடை, தேய், அரக்கு, பெயிண்ட் வழிதான்.

ஒருவேளை அடியில பழைய பெயிண்ட் தட்டுப்பட்டா உலர்வா தேய்க்காதீங்க, ஈயம் இருக்கலாம். அமெரிக்காவுலயே வீட்டு பெயிண்ட்ல ஈயத்துக்குத் தடை வந்தது 1978லதான், பல நாட்டுல அதுக்கும் ரொம்ப அப்புறம். தண்ணி தொட்டு தேய்ங்க, குழந்தைங்க கிட்ட வர வேண்டாம்.

டப்பாவுல ரெண்டு மணி நேரத்துல காயும்னு போட்டிருக்கும். தொட்டா ஒட்டாதுங்கற அர்த்தத்துல அது நெசம்தான். முழுசா இறுகறதுக்கு தண்ணி பெயிண்ட்டுக்கு மூணு நாலு வாரம் ஆகும், அத ஏன் முன்பக்கம் பெருசா போட மாட்டேங்கறாங்கன்னு நானும் இத்தனை வருஷமா கேக்கறேன். அதுக்குள்ள ட்ராயர மூடி வச்சா ரெண்டு பெயிண்ட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, இழுக்கும்போது பேந்து வரும். ஒரு மாசம் வரைக்கும் விரலளவு திறந்தே வைங்க. ட்ராயர் ஓடுற தடத்துல பெயிண்ட்டே படக்கூடாது, அங்க மெழுகுவர்த்திய தேய்ச்சு விட்டா போதும்.

இன்னைக்கு கடைக்குப் போகாதீங்க. ரெண்டாவது ட்ராயர உருவி பின்பக்க ஓரத்துல பஞ்ச வச்சுப் பாருங்க, ஒட்டுச்சா இல்லையான்னு எழுதுங்க, அதுக்கப்புறம் என்ன வாங்கணும்னு சொல்றேன்.