பிளான் போட ஐந்து வருடமா?

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன், பயாலஜி மேத்ஸ் குரூப். அப்பா கொத்தனார். லீவு நாட்களில் அவரோடு சைட்டுக்குப் போய்ப் பழக்கம். தாராசுரம் கோயில் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ஆர்க்கிடெக்சர்தான் படிப்பது என்று இருக்கிறேன். அதற்கான நுழைவுத் தேர்வு, நாட்டா, ஒருமுறை எழுதினேன். பாஸ்தான், ஆனால் மார்க் குறைவு. கோச்சிங் எதுவும் போகவில்லை.

என் மாமா சிவில் இன்ஜினியர். “பிளான் போடுறதுக்கு அஞ்சு வருஷமா? சிவில் நாலு வருஷம்தான், பிளானும் போடலாம், கட்டியும் கொடுக்கலாம். நம்ம ஊர்ல ஆர்க்கிடெக்டுக்கு யார் காசு கொடுப்பா?” என்கிறார். பெரியப்பா மகன், பட்டமே வேண்டாம், திருச்சியில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் பிளான் வரைகிற டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொள் என்கிறார். அப்பா எதுவும் சொல்லவில்லை. நான் என்ன செய்யட்டும்?

கௌ.

*

அன்புள்ள கௌ.,

உங்கள் மாமா கேட்பது நியாயமான கேள்வி. அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டெல்டாவில் ஒரு வீடு எப்படி எழும்புகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ பணம் வருகிறது. மனையடி பார்ப்பவர் வந்து வாசல் எங்கே, அடுப்படி எங்கே என்று சொல்லிவிட்டுப் போகிறார். டவுனில் ஒரு இன்ஜினியர் பேங்க் லோனுக்கும் அப்ரூவலுக்கும் ஒரு பிளான் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். மேஸ்திரி கயிறு கட்டி, மூன்றடி, நான்கடி, ஐந்தடி பிடித்து மூலை மட்டம் பார்த்து, சுண்ணாம்புக் கோடு போட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறார். பிளான் அதற்குள் பீரோவுக்குள் போயிருக்கும். இந்த வரிசையில் ஆர்க்கிடெக்ட் என்று ஒருவருக்கு இடமே இல்லை, அது யாருக்கும் குறையாகவும் தெரிவதில்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிவிடலாம். அலைச்சல் மிச்சம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த பிளானை இன்னொருவர் கண்ணால் பார்க்க இருந்த கொஞ்ச நஞ்ச வாய்ப்பும் அதோடு போயிற்று.

சரி, பார்க்காவிட்டால் என்ன ஆகிறது? ஊரில் புதிதாகக் கட்டிய எந்த வீட்டுக்கும் சித்திரை மாதம் ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். பெட்ரூம் கன்னி மூலையில் இருக்கும். கன்னி மூலை என்றால் தென்மேற்கு. மத்தியானத்திலிருந்து அஸ்தமனம் வரை வெயில் முழுவதும் அந்த அறையின் மேற்குச் சுவரிலும், மேலே கான்கிரீட் தளத்திலும் அடிக்கிறது. தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஆட்கள் படுக்கிற நேரத்தில் கீழே இறக்குகிறது. அப்புறம் ஏசி, அப்புறம் கரண்ட் பில். பெட்ரூம் அங்கேதான் இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக நின்றால், மேற்குச் சுவரை ஒட்டி பாத்ரூமையோ அலமாரிகளையோ வைத்துச் சூட்டைத் தடுக்கலாம், ஜன்னலுக்கு ஆழமான சன்ஷேடு கொடுக்கலாம், மாடியில் சுண்ணாம்பும் ஓடும் போட்டுத் தளத்தைக் காக்கலாம். நம்பிக்கையோடு சண்டை போடாமலே செய்யக்கூடியவை இவை. செய்யச் சொல்வதற்கு அந்த வரிசையில் ஆள் இல்லை.

சிவில் படித்தவர்களுக்கு இது தெரியாது என்று சொல்லவில்லை. அவர்கள் பாடு வேறு. நம் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் ஒரு கட்டடம் விரிசல் விடாமல் நிற்க அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எந்தக் கம்பி, எத்தனை கம்பி என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு இல்லாமல் எந்த ஆர்க்கிடெக்டும் ஒரு மாடி எழுப்ப முடியாது. ஆனால் நிற்கிற கட்டடம் எல்லாம் நல்ல கட்டடம் ஆகிவிடாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று நடந்ததை வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அன்று அந்தப் பள்ளிக்கூடம் இடிந்து விழவில்லை. மதியச் சாப்பாடு சமைத்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. மேலே இருந்த பிள்ளைகள் இறங்க இருந்தது ஒரு குறுகலான படி. 94 குழந்தைகள் போனார்கள். விசாரணைக் கமிஷன், கோர்ட், தண்டனை எல்லாம் பின்னால் நடந்தன. ஒரு ஆர்க்கிடெக்ட் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், பேராசையையும் அலட்சியத்தையும் எந்த பிளானும் தடுக்காது. ஆனாலும் அடுப்பு எங்கே, அதன் தலைக்கு மேல் என்ன கூரை, ஒரு அறையில் எத்தனை பிள்ளைகள், படி எவ்வளவு அகலம், ஒரு வழி அடைபட்டால் அடுத்த வழி எது: இவை அத்தனையும் பிளானில் இருக்கிற விஷயங்கள். “பிளான் போடுறதுக்கு அஞ்சு வருஷமா?” என்று மாமா அடுத்த முறை கேட்டால் இதைச் சொல்லலாம். வாதத்துக்காகச் சொல்ல வேண்டாம், அவரும் டெல்டாக்காரர், அவருக்கும் அந்த நாள் நினைவிருக்கும்.

அந்த ஐந்து வருடத்தில் என்ன நடக்கிறது? பத்து செமஸ்டர். ஒவ்வொன்றிலும் ஸ்டுடியோ என்று ஒரு பாடம், அதுதான் முதுகெலும்பு. ஒரு மனையைக் கொடுத்து, இங்கே ஒரு ஆரம்பப் பள்ளி வேண்டும், மீன் மார்க்கெட் வேண்டும் என்பார்கள். நீங்கள் போய் அந்த இடத்தில் உட்கார்ந்து வெயில் எங்கே வருகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, மீன் விற்கிற அம்மா கூடையை எங்கே இறக்கி வைக்கிறார் என்று பார்த்து எழுதிக்கொண்டு வந்து வரைய வேண்டும். அப்புறம் ஜூரி. வெளியிலிருந்து வந்த ஆர்க்கிடெக்டுகள் முன்னால் ஷீட்டை மாட்டிவிட்டு நின்றால், ராத்திரி முழுக்கக் கண் விழித்துச் செய்த மாடலைப் பார்த்து, “ஐஸ் உருகுற தண்ணி எங்கம்மா போகும்?” என்று கேட்பார்கள். பதில் இல்லையென்றால் அழுகை வரும். அழாத பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை. ஐந்து வருடம் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு, யாரும் கேட்காமலே அந்தக் கேள்வி உங்களுக்குள் எழ ஆரம்பித்துவிடும். அந்தப் படிப்பின் சாரம் அவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம். மற்றதெல்லாம், கம்ப்யூட்டரில் பிளான் வரைகிற ஆட்டோகேட் உட்பட, கொஞ்ச காலத்தில் பழகிவிடுகிற வித்தை.

பழைய கட்டடங்களை டேப் பிடித்து அளந்து வரைகிற வேலையும் உண்டு, மெஷர்டு டிராயிங் என்பார்கள். உங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று தோன்றுகிறது. கும்பகோணம், திருவையாறு பக்கத்து முற்றம் வைத்த வீட்டை ஒருமுறை அளந்து பாருங்கள். திண்ணை, வாசல் நடையான ரேழி, கூடம், முற்றம், கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கும். தெருவில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும், காற்றுக்கும் அதே வழிதான். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் வெயில் கிடையாது. நான்கு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்தை நோக்கி இறங்கும், சரிவுகள் சேருகிற மூலையில் தகரம் மடித்து வைத்திருப்பார்கள், முற்றத்தின் தரை கூடத்தைவிடத் தாழ்ந்திருக்கும், ஒரு மூலையில் தண்ணீர் போகத் துவாரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற பேய்மழை மொத்தமும் அந்தக் கையகலத் துவாரம் வழியாகக் கொல்லைக்குப் போயாக வேண்டும். அந்தத் துவாரத்தின் அளவையும் தரையின் வாட்டத்தையும் நோட்டில் வரைந்து முடிக்கும்போது, பெயர் தெரியாத ஒரு மேஸ்திரி உங்களுக்குப் பாடம் எடுத்திருப்பார். அந்த வீடுகளில் வேறு சங்கடங்கள் இருந்தன. பெண்களுக்கென்று ஒரு அறை கிடையாது, அடுப்படி இருட்டு, யார் எதுவரை வரலாம் என்பதற்கு ரேழியிலேயே கோடு போட்டிருந்தது. அதையும் சேர்த்து வரைய வேண்டும்.

இனி, பட்டம் இல்லாமல் தொழில் கற்பது பற்றி. வேலை கற்றுக்கொள்ளலாம், அதில் சந்தேகமே இல்லை. நல்ல டிராஃப்ட்ஸ்மேன் இல்லாமல் எந்த ஆபீஸும் ஓடாது. ஆனால் 1972-ன் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டிக்கொள்ள முடியும், பதிவுக்கு அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும். சட்டம் வந்த காலத்தில், ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்குப் பட்டம் இல்லாமல் ஒரு வாசல் திறந்து வைத்திருந்தார்கள். அது அந்தத் தலைமுறையோடு மூடிவிட்டது. 2020-ல் உச்ச நீதிமன்றம், சட்டம் காப்பது அந்தப் பட்டப்பெயரைத்தானே தவிர வடிவமைக்கிற வேலையை அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதாவது பதிவு இல்லாதவர் வீடு வடிவமைத்தால் குற்றமில்லை, தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொண்டால்தான் குற்றம். உங்கள் பெரியப்பா மகன் சொல்வதற்கு இதில் கொஞ்சம் பலம் இருக்கிறது. ஆனாலும், நீங்கள் ஒரு கொத்தனார் மகள், பெண், கிராமத்துப் பிள்ளை. பட்டம் இல்லாமல் ஆபீஸில் சேர்ந்தால் அடுத்தவர் போட்ட கோடுகளை நகல் எடுக்கிற நாற்காலியிலேயே உங்களை உட்கார்த்தி வைத்துவிடுவார்கள். வசதியான வீட்டுப் பையனுக்குப் பட்டம் ஒரு அலங்காரமாக இருக்கலாம், உங்களுக்கு அது தேவை. படிப்பின் கடைசிப் பகுதியில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் பயிற்சி எடுப்பது எப்படியும் கட்டாயம். அண்ணன் சொல்கிற அனுபவம் அப்போது கிடைக்கும்.

தகுதி விஷயம் சுருக்கமாக. கணக்கும் பிசிக்ஸும் படித்திருப்பதால் உங்கள் குரூப் தடையில்லை. தமிழ்நாடு கவுன்சிலிங்கில் பிளஸ் டூ மார்க்குக்கு 200, நாட்டாவுக்கு 200 என்று மொத்தம் 400-க்குத் தரவரிசை போடுகிறார்கள். நாட்டாவை ஒரே வருடத்தில் மறுபடியும் எழுதலாம், நல்ல மார்க்கை எடுத்துக்கொள்வார்கள். எனவே ஒரு தேர்வோடு சோர்ந்துபோக வேண்டாம். திருச்சி என்.ஐ.டி.யில் பி.ஆர்க், அதாவது இந்த ஐந்து வருடப் பட்டம், இருக்கிறது, அதற்கு ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வின் இரண்டாம் தாள் வேண்டும், பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. வல்லத்தில் பெரியார் மணியம்மையில் இருக்கிறது, அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மகாபலிபுரத்து அரசு சிற்பக் கல்லூரியில் கோயில் கட்டுமானம் கற்றுத் தருகிறார்கள், அருமையான இடம், ஆனால் அங்கே தருவது பி.ஆர்க் பட்டம் அல்ல. எந்தக் கல்லூரியானாலும் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, கவுன்சிலிங் விண்ணப்பத்தில் அதைக் குறிக்க மறக்காதீர்கள். அப்படிப் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டம் அது. அந்த மூவலூர் நம் மாயவரத்துப் பக்கத்து மூவலூர்தான்.

சம்பாத்தியம் பற்றி மாமா சொன்னதை மறுக்க முடியாது. பட்டம் வாங்கிய முதல் சில வருடங்களில் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், கூடப் படித்த சாஃப்ட்வேர் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் மனம் நொந்துபோகும். வேலையும் நீடாமங்கலத்தில் இருக்காது, சென்னை, கோவை, பெங்களூர் என்று போக வேண்டியிருக்கும். ஊர் திரும்பி ஆபீஸ் போட்டாலும் ஆரம்பத்தில் வருவது கல்யாண மண்டபமும் கிளினிக்குமாகத்தான் இருக்கும். வீட்டில் உடனடியாக உங்கள் சம்பளத்தை நம்பி ஒரு கடன் காத்திருக்கிறது என்றால் மாமா சொல்வதைக் கேளுங்கள், சிவில் படியுங்கள். அப்படி இல்லையென்றால் பி.ஆர்க் படியுங்கள்.

தாராசுரம் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு இந்த முடிவு என்று சொல்லியிருப்பதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. கோயிலைப் பார்த்து மயங்கி ஆர்க்கிடெக்சருக்குப் போகிற பிள்ளைகள் இரண்டாவது செமஸ்டரில் கழிவறைக் குழாய் வாட்டமும் கார் நிறுத்துகிற இடமும் வரையும்போது வெறுத்துவிடுகிறார்கள். நீங்கள் சைட்டில் வளர்ந்தவர், வெறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். லாரி பேக்கர் என்ற ஆங்கிலேய ஆர்க்கிடெக்ட் பர்மிங்காமில் படித்துவிட்டு வந்து, திருவனந்தபுரத்தில் கொத்தனார்களோடு சைட்டில் நின்றபடியே வரைந்தார். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் இடம் விட்டுக் கட்டுகிற ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் அவர் நிறையச் சுவர் எழுப்பினார், கல்லும் மிச்சம், சுவரும் சூடு தாங்கும். அப்பாவிடம் அதைக் கட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி வேலையைப் பற்றிக் கேட்டால் பேசுவார்.

அடுத்த நாட்டாவுக்குள் தினமும் ஒன்று வரையுங்கள், ஸ்கேல் வைக்காமல், பென்சிலில். உங்கள் வீட்டு அடுப்படியில் ஆரம்பியுங்கள்: அம்மா நிற்கிற இடம், கை எட்டுகிற உயரம், வெளிச்சம் வருகிற பக்கம். லேப்டாப்புக்கு இப்போதே கடன் வாங்க வேண்டாம். முதல் வருடம் பெரும்பாலும் கையால்தான் வரையச் சொல்வார்கள். சீனியர்களைக் கேட்டுக்கொண்டு இரண்டாம் வருடம் வாங்கலாம்.

அன்புடன்.