ஊராட்சித் தலைவர் பெண், ஆனால் நடத்துவது கணவர். இட ஒதுக்கீட்டால் என்ன பயன்?

பயன் நிச்சயம் இருக்கிறது. ஊராட்சிகளுக்கான 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தபோது பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்கள். தமிழ்நாடு 2016-ல் அதை ஐம்பது சதவீதமாக உயர்த்தியது. மேற்கு வங்க ஊராட்சிகளை ஆராய்ந்து பொருளாதார ஆய்வாளர்கள் எஸ்தர் டுஃப்லோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயவும் 2004-ல் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள்: தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் குடிநீர்ப் பணிகள் கூடுதலாக நடந்திருந்தன. குடம் தூக்கியவருக்குத்தானே தெரியும், குழாய் எங்கே வேண்டுமென்று!

கணவர் குறுக்கிடுவது உண்மைதான், எனக்கும் ஆத்திரம் வருகிறது. இப்போது ஊராட்சிக் கணக்குகளுக்கான அரசு இணையதளமான இ-கிராம் ஸ்வராஜில் பணம் செலுத்த டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். பென் டிரைவ் போல விரல் நீளத்தில் ஒரு சாவி, அப்புறம் ஒரு கடவுச்சொல். அது கணவரின் சட்டைப்பையில் இருந்தால் அதிகாரமும் அங்கேதான். அதனால் பதவியேற்ற வாரமே அந்தப் பெண்ணுக்குக் கணினிப் பயிற்சி கொடுக்க வேண்டும். சாவி அவர் கையிலேயே இருக்கட்டும்.